உதடும் குரலும் சேரட்டும்: டிஎஸ்எல்ஆர் தொழிலில் ஒலியைப் பொறுப்பெடுங்கள்

கந்தளாயில் கமராக்காரருக்குப் பஞ்சமில்லை, ஒலிக்காரருக்குத்தான் பஞ்சம். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் இரண்டு பேர் டிஎஸ்எல்ஆர் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் ட்ரோன் விடுவார், இன்னொருவர் லைட் பிடிப்பார். "சவுண்ட் யார் பார்க்கிறது?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எடிட் பண்ண உட்காரும்போதுதான் விசயம் வெளிக்கும். பெரியப்பாவின் வாழ்த்துரையில் வாய் முந்திப் போகும், குரல் பிந்தி வரும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: அடுத்த லென்ஸுக்குக் காசு சேர்க்க முன்னர் ஒலியைப் பொறுப்பெடுக்கப் பழகுங்கள். நல்ல படம் எடுக்கிறவர்கள் அபறணையிலும் இருக்கிறார்கள், திருகோணமலையிலும் இருக்கிறார்கள். உதட்டையும் குரலையும் பிசகாமல் சேர்த்துக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது.

போட்டோ கமராவுக்கு வந்த வினை

டிஎஸ்எல்ஆர் வீடியோவுக்கென்று பிறந்த கருவி அல்ல. 2008 ஓகஸ்டில் நிக்கோன் டி90 வந்தபோதுதான் இந்த வகைக் கமராவில் முதன்முதலாக வீடியோ ஏறியது. அடுத்த மாதமே கெனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. பெரிய சென்சரும் மங்கிய பின்னணியும் எல்லோரையும் இழுத்தன. ஒலிக்கு மட்டும் அதில் கொடுத்தது ஒரு சிறிய உள்மைக்கும், ஒரு 3.5 மில்லிமீற்றர் துளையும், சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஒரு தானியங்கி முறையும்தான். போதாததற்கு 5டி மார்க் 2 தொடக்கத்தில் செக்கனுக்குச் சரியாக 30 பிரேம் எடுத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையோ 29.97. அந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 செக்கன் ஆகிவிடும். படத்தை 29.97-க்கு இழுத்து, தனியாகப் பதிந்த ஒலியை அப்படியே விட்டவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2010 மார்ச்சில் கெனன் புதிய பேர்ம்வெயர் வெளியிட்டு 25, 24, 29.97 எல்லாவற்றையும் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த மே மாதமே அமெரிக்கத் தொடரான 'ஹவுஸ்' ஒரு முழு அத்தியாயத்தை அதே கமராவில் எடுத்து ஒளிபரப்பியது.

தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-இல் வந்தது. விஜய் மில்டன் அதைக் கெனன் 7டி-யில் ஒளிப்பதிவு செய்தார். அந்தப் படத்தைப் பார்த்துக் கமரா வாங்கியவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் சினிமாக்காரருக்கு டப்பிங் என்றொரு வசதி இருக்கிறது. தாலி கட்டின மாப்பிள்ளையை ஒரு மாதம் கழித்து ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு மறுபடி பேசச் சொல்ல எங்களால் முடியாது. அன்றைக்கு என்ன பதிந்ததோ அதுதான் கையில்.

அதனால்தான் ஒலியைத் தனி ரெக்கோடரில் எடுக்கிறோம். பேசுபவரின் சட்டையில் ஒரு சிறு மைக், அல்லது சவுண்ட்ஸ்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர். ஒலி சுத்தமாக வரும். கூடவே ஒரு சிக்கலும் வரும்: இப்போது இரண்டு இயந்திரங்கள், இரண்டு கடிகாரங்கள், இரண்டு கோப்புகள்.

எவ்வளவு பிசகினால் கண்ணில் படும்?

இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே நாங்கள் 25 பிரேமில் எடுக்கிறோம், ஷட்டரை 50-இல் ஒரு பங்கில் வைக்கிறோம். இல்லாவிட்டால் மண்டபத்து டியூப் லைட் படபடக்கும். 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காகச் சொல்லியிருக்கும் கணக்கு இது: குரல் படத்தை விட ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் முந்தினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 வரை தெரியாது. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் இருக்கிறது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. தூரத்தில் ஒருவர் விறகு வெட்டினால் கோடரி விழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும். குரல் முந்தி வருவதை நம் மூளை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஆகவே எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க முடியாமல் திணறும் இடத்தில் குரலை ஒரு பிரேம் பிந்தியே வையுங்கள், முந்த விடாதீர்கள்.

பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் தப்பினோம் என்றும் நினைக்க வேண்டாம். 1993-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பைரன் ரீவ்ஸ், டேவிட் வோல்கர் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குரலும் படமும் விலகியிருந்தால், விலகலைக் கவனிக்காதவர்கள்கூட அதில் பேசுபவரைக் குறைத்தே மதித்தார்கள். கலியாண வீடியோவில் வாழ்த்துச் சொல்லும் மாமா பொய்யாகப் பேசுவதுபோலத் தோன்றினால் அது மாமாவின் குற்றமல்ல, எடிட்டரின் குற்றம்.

இழுக்க முன் பாருங்கள்

ஒலி பிசகியிருப்பதைக் கண்டவுடன் கிளிப்பைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அது வேலையை இரட்டிப்பாக்கும். முதலில் தொடக்கத்தைப் பாருங்கள், பிறகு நடுப்பகுதி, பிறகு கடைசி. மூன்று இடத்திலும் எத்தனை பிரேம் பிசகு என்று கடதாசியில் எழுதுங்கள்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு என்றால் பிரச்சினை சின்னது. ஒருதரம் நகர்த்தினால் முடிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகக் கூடினால் கடிகாரம் அல்லது பிரேம் கணக்குப் பிழை. ஓரிடம் வரை சரியாக இருந்து திடீரென்று தாவினால் அங்கே பதிவு அறுந்திருக்கிறது. நோய் மூன்று, மருந்தும் மூன்று. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் இரவு முழுக்க லெப்டொப்பின் முன் இருக்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனைக்கு முன்னர் இன்னொன்று செய்யவேண்டும். புளூடூத் ஹெட்போனையோ புளூடூத் ஸ்பீக்கரையோ கழற்றி வையுங்கள். புளூடூத்தில் ஒலி நூறு, இருநூறு மில்லிசெக்கன் தாமதித்து வருவது சாதாரணம். சரியாக இருக்கும் படத்தைப் பிசகு என்று நினைத்துத் திருத்தி, உண்மையிலேயே பிசகாக்கிக் கொடுத்துவிடுவீர்கள். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும். லெப்டொப் பழையது, பெரிய கோப்பு திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் புரொக்சி (எடிட்டுக்கான சிறிய பிரதி) செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓடும்போது தெரியும் பிசகு கோப்பில் இல்லாமலும் இருக்கலாம்.

மண்டபத்தின் நீளம் ஒரு பிரேம்

மாறாத பிசகில் எடிட்டர்களை அதிகம் ஏமாற்றுவது தூரம். எங்கள் பக்கத்து வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். அதாவது 14 மீற்றருக்கு ஒரு பிரேம். மண்டபத்தின் கடைசியில், கதிரைகளுக்குப் பின்னால் ட்ரைபொட் போட்டு நிற்கும் கமரா மேடையிலிருந்து 20 மீற்றர் தள்ளி இருந்தால் அதன் மைக்குக்குக் குரல் 57 மில்லிசெக்கன் தாமதித்துத்தான் வரும். கோயில் வீதியில் நின்று 50 மீற்றர் தூரத்துத் தேரை டெலி லென்ஸில் பிடிப்பவருக்கு மூன்று பிரேமுக்கு மேலே போய்விடும்.

இதில் ஒரு பொறி உண்டு. பிரீமியர், டாவின்சி ரிசோல்வ், பைனல் கட் எல்லாவற்றிலும் இப்போது ஒலி அலையைப் பார்த்துத் தானாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ரிசோல்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு. கமராவில் பதிந்த ஒலியையும் ரெக்கோடரில் பதிந்த ஒலியையும் ஒப்பிட்டு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் 20 மீற்றர் தள்ளி நின்ற கமராவின் ஒலியே படத்துக்குப் பிந்தியது அல்லவா? மென்பொருள் சுத்தமான குரலை அந்தப் பிந்திய ஒலியோடு கொண்டுபோய்ப் பொருத்தும். அலைகள் அச்சொட்டாகச் சேர்ந்திருக்கும், உதடு சேர்ந்திருக்காது. ஆகவே தானாகச் சேர்த்த பிறகு, தூரக் கமராவின் கிளிப்புகளில் சுத்தமான குரலை ஒரு பிரேம், தேவையானால் இரண்டு பிரேம் முன்னுக்கு நகர்த்துங்கள். நிகழ்ச்சியில் கமரா எங்கே நின்றது என்று குறித்து வைத்தவருக்கு இது அரை நிமிட வேலை.

மற்றொன்று, கமராவின் மைக்கை ஒருபோதும் நிறுத்தி வைக்காதீர்கள். "ரெக்கோடர் இருக்கே, இது எதுக்கு?" என்று ஓப் பண்ணிவிட்டால் மென்பொருளுக்கு ஒப்பிட எதுவுமே இருக்காது.

கடிகாரம் மெல்ல விலகும்

ஒவ்வொரு கமராவுக்குள்ளும் ரெக்கோடருக்குள்ளும் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. செக்கனுக்கு எத்தனை பிரேம், எத்தனை ஒலி மாதிரி என்று கணக்குச் சொல்வது அதுதான். இரண்டு கருவிகளின் படிகமும் துல்லியமாக ஒன்றுபோல ஓடுவதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெக்கன், நாலரை பிரேம். இரண்டு மணி நேரக் கிரியை என்றால் ஒன்பது பிரேம். வெப்பமும் இதில் விளையாடும். கமரா பித்தளை விளக்குக்கும் வெயிலுக்கும் நடுவில் கொதித்துக்கொண்டிருக்க, ரெக்கோடர் மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் இருந்தால் இரண்டு படிகமும் இரண்டு விதமாக நடக்கும்.

திருத்துவதற்குப் பலர் வேகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். பிரீமியரில் வேக வீதத்தைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரைதான் கொடுக்கலாம். ஒரு மணி நேரப் பதிவில் அந்த 0.01 சதவீதமே 360 மில்லிசெக்கன், ஒன்பது பிரேம். நாலரை பிரேம் பிசகை அதை வைத்துத் தீர்க்க முடியாது. அதைவிட நல்ல வழி, பேச்சு நிற்கும் இடங்களில் ஒலியை வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒரு பிரேம் நகர்த்துவது. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் மூச்சு வாங்குவார், பேச்சாளர் தண்ணீர் குடிப்பார், மேளகாரர் தாளம் மாற்ற ஒரு கணம் நிறுத்துவார். அந்த மௌனத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வெட்டு போதும்.

வசதி உள்ள குழுக்கள், எல்லாக் கருவிக்கும் ஒரே நேரக் குறியைக் கொடுக்கும் டைம்கோட் பெட்டி வாங்குகின்றன. டென்டக்கிள் போன்ற சிறு பெட்டிகள் நாள் முழுக்க ஒரு பிரேம்கூட விலகாமல் ஓடும். டிஎஸ்எல்ஆரில் டைம்கோட் துளை இல்லாததால் அந்தக் குறியை மைக் துளை வழியாக ஒரு ஒலித் தடத்தில் பதிவார்கள். நல்ல சாமான்தான், ஆனால் தொழில் தொடங்குகிறவருக்கு அவசியமில்லை. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல மைக்கும் ஒரு உதிரி ரெக்கோடரும் வாங்குங்கள்.

விலகல் நாலைந்து பிரேம் அல்ல, செக்கன் கணக்கில் இருக்கிறது என்றால் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் காரணம் கைப்பேசிதான். உறவுக்காரர் ஒருவர் போனில் எடுத்த அருமையான காட்சியைக் கொண்டுவந்து "இதையும் போடு தம்பி" என்பார். போன் சீரான 30 பிரேமில் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் தானாகவே பிரேமைக் குறைத்துக்கொள்ளும். டைம்லைனில் போட்டால் குரல் மெல்ல மெல்ல ஓடிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்' தெரிவு செய்து மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

ஒலி மாதிரி வீதமும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியது. வீடியோவின் வழக்கம் 48 கிலோஹேர்ட்ஸ். 48-இல் பதிந்ததை எங்காவது 44.1 என்று தவறாக வாசித்தால் ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்துக்கு மேல் நீளும், பெண் குரலே தடித்துக் கேட்கும். ரெக்கோடரை வாங்கிய அன்றே 48, 24 பிட், வேவ் என்று வைத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில்

திடீர்த் தாவலுக்குக் காரணம் பெரும்பாலும் மெமரி காட். பழைய 5டி மார்க் 2, 550டி போன்றவை ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட்டதும் பதிவை நிறுத்திவிடும். முழு எச்டி-யில் அது ஏறத்தாழ 12 நிமிடம். பின்னால் வந்த கமராக்கள் கோப்பைத் தாமே பிரித்துக்கொண்டு தொடர்ந்தாலும், பல மொடல்கள் 29 நிமிடம் 59 செக்கனில் நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பாவில் வீடியோ கமரா என்று கணக்கெடுத்துக் கூடுதல் தீர்வை போட்டதன் எச்சம் அது. புதிய மொடல்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை. உங்கள் கையில் இருப்பது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடை உள்ள கமரா என்றால் எப்போது நிறுத்தித் தொடங்குவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், கமராவை விடாதீர்கள். தாலி கட்டுவதற்கு முன், ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சபையோரிடம் ஆசி வாங்க அனுப்புவார். அந்த இடைவெளியில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் கெட்டிமேளத்தின்போது முழுப் 12 நிமிடமும் கையில் இருக்கும். இரண்டு கமராவும் ஒரே நேரத்தில் நிற்காதபடி ஒருவரையொருவர் பார்த்துச் செய்ய வேண்டும். ரெக்கோடரை மட்டும் நிறுத்தவே கூடாது. அது காலையிலிருந்து ஓடட்டும், ஒவ்வொரு கமராத் துண்டையும் அதன் மேல் கொண்டுபோய் வைக்கலாம்.

கிளாப் போர்ட் இல்லாத ஊரில்

சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். ஐயருக்கு முன்னால் போய் நின்று கைதட்ட முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. எங்கள் சடங்குகளே கிளாப் அடித்துத் தருகின்றன. தேங்காய் உடைப்பதைப் பாருங்கள். கை ஓங்குகிறது, காய் கல்லில் படுகிறது, நீர் தெறிக்கிறது. காய் கல்லைத் தொடும் பிரேம் ஒன்றே ஒன்றுதான். டைம்லைனைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒலி அலை அதுவரை தட்டையாக இருந்து ஊசிபோல ஒன்று கிளம்பும். ஊசியின் அடியைப் பிரேமின் தொடக்கத்தில் வையுங்கள். இரண்டாவது பாதி உடையும் சத்தமோ சில்லு உருளும் சத்தமோ அல்ல, முதல் ஊசி. சிங்களத் திருமணத்தில் தம்பதியர் போருவ மேடையிலிருந்து இறங்கும்போதும் தேங்காய் உடைப்பார்கள், அங்கேயும் இதே கணக்கு.

கெட்டிமேளமும் நல்ல குறிதான், ஆனால் தவிலின் முதல் அடியை மட்டும் நம்புங்கள். நாதஸ்வரம் இழைந்து போகும், அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. கோயில் மணியில் நாக்கு பட்ட கணத்தைப் பிடிக்கலாம், பின்னால் வரும் ரீங்காரத்தைப் பிடிக்க முடியாது. பாடசாலைப் பரிசளிப்பு, இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் தொடக்கத் துப்பாக்கி இருக்கிறது. அதிலும் தூரக் கணக்கை மறக்கக் கூடாது.

ஒலியே இல்லாமல் இரண்டு கமராக்களைச் சேர்க்கவும் வழி உண்டு. போட்டோ எடுப்பவரின் பிளாஷ் அடிக்கும்போது இரண்டு வீடியோவிலும் அதே கணத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். டிஎஸ்எல்ஆர் சென்சர் மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் முழுப் பிரேமும் வெளுக்காமல் பாதி வெளுக்கும், அது பிரச்சினையில்லை. தொடர்ந்து நாலைந்து பிளாஷை ஒப்பிட்டால் ஒரு பிரேமும் தவறாது. சத்தம் நிறைந்த மண்டபத்தில் தானியங்கிப் பொருத்தம் கைவிடும்போது என்னை அதிகம் காப்பாற்றியிருப்பது இந்த வழிதான்.

தொடக்கத்தில் ஒரு குறி பிடித்தால் போதாது, கடைசியிலும் ஒன்று வேண்டும். இரண்டு குறி இருந்தால்தான் கடிகாரம் எவ்வளவு விலகியது என்று அளக்க முடியும். சாமான் கட்டுவதற்கு முன், கமரா ஓடிக்கொண்டிருக்க ரெக்கோடருக்குப் பக்கத்தில் நின்று ஒருதரம் கைதட்டுங்கள்.

குறியே இல்லாத பேச்சுக்கு உதட்டைப் பாருங்கள். ப, ம என்ற ஒலிகளுக்கு உதடு மூடியே ஆகவேண்டும். 'அப்பா' என்ற சொல்லில் உதடு மூடியிருக்கும் பிரேம்களில் அலை தட்டையாக இருக்கும், உதடு பிரியும் பிரேமில் வெடிக்கும். கந்தளாயில் இது பெரிய உதவி. ஒரே வாரத்தில் தமிழ்க் கலியாணம், சிங்களக் கலியாணம், நிக்காஹ் மூன்றும் வரும் ஊர் இது. மொழி தெரியாத எடிட்டருக்கும் இந்த வழி வேலை செய்யும். 'ஆயுபோவன்' என்பதன் நடுவில் உதடு மூடித் திறக்கிறது. நிக்காஹில் மாப்பிள்ளை சொல்லும் 'கபில்து' என்ற சொல்லிலும் மூடித் திறக்கிறது. நிக்காஹ் மெல்லிய குரலில் நடப்பது. பெண்ணின் பொறுப்பாளரான வலியும் மாப்பிள்ளையும் கைபிடித்து அருகருகே இருப்பார்கள். அங்கே கமரா மைக்கை நம்பி நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு மாப்பிள்ளைக்குச் சிறு மைக் பொருத்திவிடுங்கள்.

மிக்சரிலிருந்து வயர் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிக்சரின் லைன் அவுட் கமராவின் மைக் துளைக்கு மிக அதிகம். நேரே குத்தினால் குரல் கிழிந்து பதியும், கிழிந்ததைத் திருத்த வழியே இல்லை. ரெக்கோடரின் லைன் இன்னில் கொடுங்கள், அல்லது அளவைக் குறைக்கும் அட்டனுவேட்டர் வயர் வாங்குங்கள். சவுண்ட்ஸ் அண்ணனிடம் நிகழ்ச்சி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பேசுங்கள். விருந்தினர் வந்து நிறைந்த பிறகு அவரிடம் வயர் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும்.

வேலை எங்கே இருக்கிறது

ஒலிப் பொறுப்பை ஒரு தனி வேலையாகச் சொல்லிக் கேளுங்கள். குழுத் தலைவரிடம் "அண்ணன், சவுண்டும் அதைப் படத்தோடு சேர்க்கிறதும் நான் பார்க்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். எடிட்டில் அவருக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பது இரண்டாவது நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு சம்பளத்தைப் பேசலாம். முதல் நாளே விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் ஏற்ற முடியாமல் நிற்காதீர்கள். ஒலிக்கு என்று தனி வரி போட்டு மதிப்பீடு எழுதிக் கொடுங்கள்: சிறு மைக் எத்தனை, ரெக்கோடர் எத்தனை, எடிட்டில் சேர்த்துக் கொடுப்பது உட்பட. வாடிக்கையாளருக்கு அப்போதுதான் அது ஒரு வேலை என்று தெரியும்.

மாதிரி வீடியோவில் ட்ரோன் காட்சிக்குப் பின் பாட்டுப் போட்டு அனுப்புவதைக் குறையுங்கள். பாட்டின் கீழே எல்லாப் பிழையும் மறைந்துவிடும் என்று வேலை தருகிறவருக்கும் தெரியும். ஒருவர் கமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசுவது, இரண்டு கோணம், தனி ஒலி, பின்னணி இசை இல்லாமல். அதை அனுப்புங்கள். செய்தி நிறுவனமோ, தொண்டு நிறுவனமோ, பல்கலைக்கழகமோ ஆள் தேடும்போது பார்ப்பது அதைத்தான்.

கையில் வேலை இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தை வைத்தே மதிப்பிட்டுத் தகைமை தரும் வழி உண்டு. உங்கள் துறையில் எந்த மட்டம் வரை கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு அந்தக் கடதாசி உதவும். உயர்தரம் முடித்தவர்களுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் அங்கேதான்.

கலியாண மாதங்கள் தவிர்ந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயலும் வீடும் வாய்க்காலும் போயின. அன்றைக்கு இருபது வயதில் அதைக் கண்டவர்கள் இப்போது அறுபதைத் தொட்டு நிற்கிறார்கள். அப்போது குடும்பம் நடத்தியவர்களில் பலர் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். சிங்களம் பேசுபவர், தமிழ் பேசுபவர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் அந்த இரவு இருக்கிறது. ஒரு டிஎஸ்எல்ஆரும் ஒரு சிறு மைக்கும் ஒரு ரெக்கோடரும் போதும். இந்த வேலையில் குரல்தான் சாட்சி. நெருங்கிய கோணத்தில் ஒரு முதியவர் பேசும்போது உதடும் குரலும் விலகினால், மேலே சொன்ன ஸ்டான்போர்ட் சோதனைபோல, பார்ப்பவர் அவரையே குறைத்து மதிப்பார். நடந்ததைச் சொல்லும் மனிதருக்கு அப்படியொரு அநியாயம் நடக்கக் கூடாது.

அனுமதி கேட்டு, அவர் வசதிப்படும் நேரத்தில், அவர் வீட்டு விறாந்தையில் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்கைக் கழுத்துக்கு ஒரு சாண் கீழே பொருத்துங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒருதரம் கைதட்டுங்கள். சுத்தமான ஒலிக்கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து, ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். உங்கள் தெருவில் அந்த இரவைக் கண்டவர் யார் என்று இன்றைக்கே வீட்டில் கேளுங்கள். அவருக்கு வயது போகிறது, இந்த மாதமே போய் எடுத்துவிடுங்கள்.